பன்றிகளுக்கான தீவனப் பெட்டியில் தீவனம் இறங்கும் அளவைக் கட்டுப்படுத்துவது எப்படி?

கேள்வி இது: "வளரும் பன்றிகளுக்குத் தானாகத் தீவனம் இறங்கும் பெட்டி ஒன்றை நானே வடிவமைக்கிறேன். திறப்பைக் குறைத்தால் தீவனம் மேலேயே அடைத்து நிற்கிறது. கூட்டினால் தொட்டி நிரம்பி வழிகிறது. நடுவில் நிறுத்தவே முடியவில்லை. என்ன செய்வது?"

வரைபடத்தைக் கீழேயிருந்து தொடங்குங்கள். பன்றி வாய் வைக்கும் தொட்டி முதலில், அதற்கு மேல் தீவனம் விழும் சந்து, கடைசியாகத்தான் தீவனத்தைக் கொட்டி வைக்கும் மேல்கலமான ஹாப்பர். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எத்தனை கிலோ கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டு ஹாப்பரை வரைந்து, அடியில் ஒரு திறப்பு விட்டு, அதன் கீழே ஒரு தொட்டியைப் பொருத்திவிடுகிறார்கள். அப்படி வரைந்த பெட்டி நீங்கள் சொன்ன மாதிரிதான் நடந்துகொள்ளும். தகடு வெட்டி வளைத்துத் தீவனப் பெட்டி செய்வதே என் தொழில். ஓடாத பெட்டியைப் பார்க்கக் கூப்பிட்டால் நான் முதலில் குனிந்து பார்ப்பது தொட்டியைத்தான்.

பன்றி வளர்ப்புச் செலவில் 60 முதல் 70 சதவீதம் வரை தீவனத்துக்கே போகிறது. ஒரு கிலோ எடை ஏற, வளரும் பன்றி சுமார் இரண்டரை முதல் மூன்று கிலோ தீவனம் தின்கிறது. 25 கிலோவில் வரும் குட்டி 110 கிலோவை எட்ட ஏறத்தாழ 230 கிலோ வேண்டும். அதில் 5 சதவீதம் சிந்தினாலும் ஒவ்வொரு பன்றிக்கும் 11, 12 கிலோ தீவனம் சாணத்தோடு போகிறது. அதனால் சந்தின் அகலத்தை 5 மி.மீ. கூட்டுவதா குறைப்பதா என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

தொட்டியின் அளவு பன்றியின் உடம்பிலிருந்து வரவேண்டும். எடையின் கனமூலத்தை 6.4-ஆல் பெருக்கினால் தோள் அகலம் செ.மீ.-இல் கிடைக்கும். 30 கிலோ பன்றிக்கு அது சுமார் 20 செ.மீ., 110 கிலோ பன்றிக்கு சுமார் 31. பன்றி வெளியேறும் கடைசி எடைக்கான அகலத்தோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்து, ஒவ்வொரு வாய்க்கும், அதாவது ஒரு பன்றி நின்று தின்னும் இடத்துக்கும், 33, 34 செ.மீ. கொடுங்கள். உலர் தீவனமானால் ஒரு வாய்க்குப் பத்துப் பன்றி என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. இரண்டு வாய்களுக்கு நடுவே தலை மறையும் அளவுக்காவது தடுப்பு இருக்கட்டும். இல்லையென்றால் பக்கத்தில் நிற்பது தள்ளும். தள்ளப்பட்டது வாய் நிறையத் தீவனத்தோடு பின்வாங்கி வெளியே கொட்டும்.

முன்-பின் ஆழம் பெரிய பன்றிக்கு 20 முதல் 30 செ.மீ. வரை தேவை. ஆழம் குறைந்தால் தலையைக் கோணலாக வைத்துத் தின்னும், மெல்லும்போது வாயோரம் உதிர்வது தொட்டிக்கு வெளியே விழும். மிகவும் ஆழமாக இருந்தால் சின்னது உள்ளே ஏறிப் படுக்கும். முன் விளிம்பை உள்பக்கமாக இரண்டு மூன்று செ.மீ. மடித்துவிட்டால் மூக்கால் தள்ளும் தீவனம் அதில் மோதித் திரும்பும். அப்புறம், தரையும் சுவரும் சேரும் மூலையைச் சதுரமாக விடாதீர்கள். அங்கே நாக்கு எட்டாது. எட்டாத இடத்தில் தீவனம் ஈரமாகிப் புளித்துப் பூஞ்சை பிடிக்கும். அந்த வாடை வந்துவிட்டால் அந்த வாயையே பன்றிகள் தவிர்க்கும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அளவுகள் இரண்டு. ஒன்று, சந்தின் அகலம். மற்றொன்று, சந்தை மறைத்துத் தீவனத்தைத் தடுக்கும் அடைப்புத் தகட்டின் கீழ் விளிம்பு தொட்டித் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. ஒரே திருகில் இரண்டையும் சரிசெய்யப் பார்ப்பதால்தான் நடுநிலை கிடைப்பதில்லை.

உயரத்தை முதலில் பாருங்கள். சந்து வழியே விழும் தீவனம் தொட்டியில் சரிந்து குவிகிறது. குவியல் ஏறி ஏறித் தகட்டின் விளிம்பைத் தொட்டதும் வழி அடைபட்டு, மேலேயிருந்து வருவது தானாக நின்றுவிடுகிறது. இந்தக் குவியல் எவ்வளவு தூரம் பரவும் என்பது தீவனத்தின் குவியல் கோணத்தைப் பொறுத்தது. மாவுத் தீவனம் சுமார் 45 டிகிரியில் நிற்கும், அழுத்தி உருட்டிய பெல்லட் தீவனம் சுமார் 30 டிகிரியில் சரியும். விளிம்பு 5 செ.மீ. உயரத்தில் இருந்தால் மாவு முன்பக்கமாக 5 செ.மீ. வரும், பெல்லட்டோ கிட்டத்தட்ட 9 செ.மீ. வரும். பெட்டியில் ஒரு மாற்றமும் செய்யவில்லை, தீவனம் மட்டும்தான் மாறியது, தொட்டி நிரம்பிவிட்டது. உயரத்தை வடிவமைப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள். பன்றி தொடாதபோது குவியல் தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரக்கூடாது. மீதி இடம் பன்றி மூக்கால் கிளறிப் பரப்புவதற்கு.

அடுத்து சந்தின் அகலம். தின்றது தீர்ந்ததும் அடுத்தது எவ்வளவு வேகமாக வந்து சேருகிறது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் மட்டம் ஏற ஏறக் குழாயில் வேகம் கூடும். தானியமும் தூளும் அப்படி நடந்துகொள்வதில்லை. மேலே குவிந்திருக்கும் எடையில் பெரும்பகுதியைப் பக்கச் சுவர்கள் உராய்வால் தாங்கிக்கொள்கின்றன. ஜெர்மன் பொறியாளர் யான்சென் 1895-லேயே இதை அளந்து காட்டினார். ஆகவே ஹாப்பர் நிறைந்திருந்தாலும் பாதியாக இருந்தாலும் சந்து வழியே விழும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். "தீவனம் இறங்கவில்லை, ஹாப்பரை உயரமாக்கலாம்" என்று சொல்பவர்களுக்கு இதுதான் பதில். உயரம் கூட்டினால் அடியில் தீவனம் இன்னும் இறுகத்தான் செய்யும்.

மாறாக, அகலத்தைத் தொட்டால் ஓட்டம் வேகமாக மாறும். நீளச் சந்தில் அது அகலத்தின் 1.5 அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. 15 மி.மீ. சந்தை 25 மி.மீ. ஆக்கினால் அகலம் கூடியது மூன்றில் இரண்டு பங்கு, ஓட்டமோ இரட்டிப்பைத் தாண்டிவிடும். எனவே சரிசெய்யும் அமைப்பு நுணுக்கமாக நகர வேண்டும். வரிசையாகத் துளை போட்டு முள் செருகும் முறையில் ஒரு துளைக்கும் அடுத்ததற்கும் 10 மி.மீ. இடைவெளி இருந்தால், அடைப்புக்கும் வெள்ளத்துக்கும் நடுவே உங்களுக்கு வேறு நிலையே இல்லை. மரை போட்ட கம்பியில் தகட்டைத் தொங்கவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, பக்கத்தில் மி.மீ. குறியோடு. மாவுத் தீவனத்துக்கு 20 மி.மீ. அளவில் தொடங்கலாம்.

தகடு நீளமாக இருந்தால் முதுகில் ஒரு ஆங்கிள் வைத்துப் பற்றவையுங்கள். ஒன்றரை மீட்டர் மெல்லிய தகடு தீவன அழுத்தத்தில் நடுவில் வெளியே வயிறு தள்ளும். இரு முனையில் அளந்தால் 20 மி.மீ. காட்டும், நடு வாயில் அது அதைவிட அகலமாகத் திறந்து கிடக்கும். ஒரு வாய் மட்டும் எப்போதும் வழிகிற பெட்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் காரணம் இது.

இந்தச் சந்தைத் தீவனம் தானாக ஓடும் அளவுக்குத் திறந்து வைக்காதீர்கள். தானாக ஓடும் அளவைவிட ஒரு படி குறைவாக வைத்து, மீதியைப் பன்றியின் மூக்குக்கு விடுங்கள். அதற்குத்தான் அசைப்புக் கம்பி. மேலே ஒரு முள்ளில் தளர்வாகத் தொங்கி, சந்து வழியே இறங்கி, தொட்டிக்குச் சற்று மேலே முடியும் கம்பி அது. பன்றி முட்டினால் முன்னும் பின்னும் 10, 15 மி.மீ. ஆடினால் போதும். ஆனால் கம்பி சந்துக்கு மேலேயும் ஒரு சாண் நீண்டிருக்க வேண்டும். தீவனம் ஒன்றையொன்று பிடித்துப் பாலம் போல வளைவு கட்டி நிற்பது சந்தின் வாயில் அல்ல, அதற்குச் சற்று மேலே. கம்பி அங்கே எட்டவில்லை என்றால் எவ்வளவு ஆட்டினாலும் பயனில்லை. இன்னொன்று: பன்றி தள்ளுவதைவிடக் கீழிருந்து மேலே தூக்குவதில்தான் பலம் காட்டும். கம்பியைத் தூக்கினாலும் கழன்றுவிடாமல், விட்டதும் தன் இடத்துக்கு விழும்படி முள்ளைப் பொருத்துங்கள். அடைப்புத் தகட்டுக்கு மேல்புறமும் ஒரு நட்டு இறுக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் வைத்த அளவைப் பன்றியே மாற்றிவிடும்.

சரி, ஹாப்பர். சரிவுச் சுவர் தரையிலிருந்து 60 டிகிரி இருந்தால் மாவுத் தீவனமும் வழுக்கும். இதில் மறைந்திருக்கும் சிக்கல் மூலைதான். 60 டிகிரிச் சரிவுள்ள இரண்டு சுவர்கள் சேரும் மூலைக்கோட்டின் சரிவு 51 டிகிரிதான். நான்கு பக்கமும் சரிந்து கூர்மையாக இறங்கும் ஹாப்பரில் தீவனம் முதலில் ஒட்டுவது அந்த நான்கு மூலைகளிலும்தான். நடுவில் மட்டும் குழி விழுந்து புதுத் தீவனம் இறங்கிக்கொண்டிருக்கும், மூலையில் பழையது அப்படியே கிடந்து கெடும். பக்கச் சுவர்களை நிமிர்த்தியே விடுங்கள். ஒற்றைப் பக்கப் பெட்டியானால் பின்சுவரும் நேராக இருக்கட்டும், முன்சுவர் மட்டும் சரியட்டும். ஒரு பக்கம் நேராக இருந்தால் தீவனம் வளைவு கட்டுவது கடினம். திறப்பு வட்டமாகவோ சதுரமாகவோ இருப்பதைவிட நீளச் சந்தாக இருப்பது நல்லது. வட்டத் துளையின் பாதி அகலத்திலேயே நீளச் சந்து அடைக்காமல் ஓடும்.

உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பற்றவைத்த மேடு, போல்ட் தலை, தகடு ஏறி உட்கார்ந்த விளிம்பு எதுவும் விரலில் தட்டக்கூடாது. இரண்டு தகடுகளை இணைத்தே ஆகவேண்டும் என்றால், மேல் தகட்டின் விளிம்பு உள்பக்கம் வரட்டும். அப்போது இறங்கும் தீவனம் எந்தப் படியிலும் நிற்காது. கொள்ளளவுக்கு ஒரு எளிய கணக்கு: பத்துப் பன்றி, நாளைக்கு இரண்டரை கிலோ, இரண்டு நாளுக்கு 50 கிலோ. மாவுத் தீவனம் லிட்டருக்கு சுமார் 0.6 கிலோ என்பதால் 80, 85 லிட்டர் போதும். வாரக் கணக்கில் நிரப்பி வைப்பதை நான் விரும்புவதில்லை, இறுகும், காற்றின் ஈரத்தை இழுக்கும்.

அடைப்புக்கு எப்போதும் பெட்டியே காரணம் என்றும் சொல்ல முடியாது. தானியத்தை நைஸாக அரைத்தால் பன்றிக்குச் செரிமானம் கூடும், ஆனால் ஓட்டம் குறையும். 600, 700 மைக்ரான் (0.6, 0.7 மி.மீ.) அளவில் அரைப்பது பொதுவான நடுவழி. அதற்கும் கீழே போனால் சந்து அடைப்பதோடு வயிற்றுப் புண்ணுக்கும் வழி வகுக்கும். தீவனத்தில் எண்ணெயோ கொழுப்போ கூட்டினாலும் ஒட்டும். தீவனம் தடைபட்டு வெறும் தொட்டியை முட்டும் பன்றிகள் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அதனால் சிந்துவதைத் தடுக்கிறேன் என்று அளவுக்கு மீறி இறுக்குவதும் நஷ்டம்தான்.

தொட்டியிலேயே பன்றி வாயால் அழுத்தித் தண்ணீர் குடிக்கும் நிப்பிள் வைப்பதாக இருந்தால், தீவனத்தை நேராகத் தொட்டியில் விழவிடாமல் மூக்கு உயரத்தில் ஒரு சின்னத் தட்டில் விழ வையுங்கள். பன்றி தட்டிலிருந்து தேவையானதைக் கீழே தள்ளித் தண்ணீரோடு குழைத்துக்கொள்ளும். தட்டு இல்லாவிட்டால் ஈரம் குவியல் வழியாக ஏறிச் சந்தைப் பிடித்து, காய்ந்ததும் கல்லாகிவிடும். ஈரத் தொட்டிக்கு துருப்பிடிக்காத எஃகுத் தகடே போடுங்கள். எச்சிலும் உப்பும் தண்ணீரும் சேர்ந்தால் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்பில்) முதலில் ஓட்டை விழுவது தொட்டியின் அடியில்தான்.

செய்து முடித்ததும் பன்றியிடம் விடுவதற்கு முன் ஒரு சோதனை. உண்மையில் போடப்போகும் தீவனத்தையே விளிம்புவரை நிரப்பி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் ஒவ்வொரு வாயிலும் அசைப்புக் கம்பியைப் பத்து முறை ஆட்டி, விழுந்ததைத் தனித்தனியாக எடை போடுங்கள். வாய்க்கு வாய் எடை பெரிதாக மாறினால் தகடு வளைந்திருக்கிறது, அல்லது கோணலாகத் தொங்குகிறது. நிரப்பிய உடனே பார்க்கும் சோதனையில் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும்.

பன்றிகள் வந்தபின் அளவு சொல்வது தொட்டியின் தரை. பன்றிகள் தின்று அடங்கிய நேரத்தில் குனிந்து பாருங்கள். தரையில் பாதியளவு தீவனம் மூடியிருக்க, மீதிப் பாதி வெறுமையாகத் தெரிந்தால் சந்து சரி. முக்கால்வாசிக்கு மேல் மூடியிருந்தால் இரண்டு மி.மீ. இறக்குங்கள். நக்கித் துடைத்த மாதிரி இருந்தால் ஏற்றுங்கள். ஒவ்வொரு முறை மாற்றியபின்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த மாற்றம். பால் மறந்து புதிதாக வந்த குட்டிகளுக்கு முதல் சில நாள் மட்டும் தாராளமாக விடலாம், தீவனம் எங்கே இருக்கிறது என்று அவை கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவும் வயிறு நிறையத் தின்ன விடும் வளரும் பன்றிகளுக்கு. சினைப் பன்றிக்கு இந்தப் பெட்டி சரிப்படாது. அதற்கு நாளைக்கு இரண்டு, இரண்டரை கிலோ என்று அளந்துதான் கொடுக்க வேண்டும், கேட்கக் கேட்க விழக்கூடாது. அங்கே தனித்தனி அளவுப் பெட்டியோ, மெதுவாகச் சுழலும் திருகோ வேண்டும். நிமிடத்துக்கு 100 கிராம் அளவில் கொஞ்சம் கொஞ்சமாக விழும்படி வைத்தால், தன் இடத்தை விட்டுப் பக்கத்துத் தொட்டிக்குப் போக எந்தப் பன்றிக்கும் நேரம் இருக்காது. அளவுப் பெட்டி அளப்பது கனஅளவைத்தான், எடையை அல்ல. ஒவ்வொரு முறை புதுத் தீவனம் வரும்போதும் ஒரு பெட்டி நிறையத் தராசில் வைத்து, குறியைத் திருத்திக்கொள்ளுங்கள்.