சவுண்ட் கார்டு வைத்தியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காயலான் கடையில் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற பழைய சவுண்ட் கார்டு ஒன்று கிடைத்தது. பழைய பெண்டியம் கணினியில், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் ஓடும் கேம் போட்டால் இசை நன்றாக வருகிறது. ஆனால் துப்பாக்கிச் சத்தம் அரை நொடி வந்து, அந்தத் துண்டே திரும்பத் திரும்ப ஓடுகிறது. கார்டு போய்விட்டதா?
– ஈரோடு வாசகர்

போகவில்லை. சால்டரிங் அயர்னைத் தொடாதீர்கள்.

இசை வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எஃப்எம் இசைக்கு (ரேடியோ அல்ல, கார்டிலுள்ள சிப்பே உருவாக்கும் இசை) கேம் நேராக 388 என்ற போர்ட்டில், அதாவது கார்டின் முகவரியில், எண்களை எழுதுகிறது, அவ்வளவுதான். அதற்கு இண்டரப்ட்டும் (கார்டு பிராசசரைக் கூப்பிடும் மணி) வேண்டாம், டிஎம்ஏவும் (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்திலிருந்து தரவை எடுக்கும் வழி) வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் அப்படியல்ல. அது நினைவகத்தில் பஃபர் என்ற சின்னத் தற்காலிக இடத்தில் கிடக்கிறது. கார்டு அதை டிஎம்ஏ வழியாக இழுத்து ஒலிக்கிறது. முடிந்ததும் 'அடுத்ததைக் கொண்டா' என்று ஐஆர்க்யூ எனப்படும் இண்டரப்ட் கோட்டில் மணியை அடிக்கிறது. அந்த மணி கேமின் காதில் விழாவிட்டால் பஃபரில் புதிதாக எதுவும் வராது, பழைய துண்டே சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான்.

கார்டு எந்த ஐஆர்க்யூவில் இருக்கிறது, ஆட்டோஎக்செக் கோப்பின் (டாஸ் தொடங்கும்போது ஓடும் கட்டளைகள்) பிளாஸ்டர் வரியில் என்ன எழுதியிருக்கிறது, கேமின் செட்டப்பில் என்ன கொடுத்தீர்கள் என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். முகவரி 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1, 16 பிட்டுக்கு டிஎம்ஏ 5 என்பதுதான் வழக்கமான அமைப்பு. ஐஆர்க்யூ 7 என்றால் பிரிண்டர் போர்ட்டோடு மோதலாம். மூன்றும் சரியாக இருந்தால் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் வரும் அடிப்படை அமைப்புத் திரை) பிஎன்பி எனப்படும் பிளக் அண்ட் பிளே பக்கத்துக்குப் போய், ஐஆர்க்யூ 5ஐ புதிய வகை ஸ்லாட்டான பிசிஐயில் இருக்கும் கார்டுகளுக்குக் கொடுக்காமல், உங்கள் கார்டு இருக்கும் பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்டுக்கென ஒதுக்குங்கள். பெண்டியம் போர்டுகளில் பெரும்பாலும் இதுதான் வில்லன்.

அதன் பிறகும் சுற்றினால், ஸ்லாட்டுக்குள் போகும் கார்டின் விளிம்புத் தொடர்புகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். ஐஆர்க்யூ என்பது ஒரே ஒரு செப்புக் கோடு. அதன் மேல் படிந்த அழுக்கு போதும்.

கார்டைச் செருகினால் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. ஃபேன் ஒரு துடிப்பு துடித்து நின்றுவிடுகிறது. கழற்றினால் சரியாக ஓடுகிறது.
– சிங்கப்பூர் வாசகர்

பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. கார்டில் ஏதோ ஒரு மின்வழி கிரவுண்டோடு ஷார்ட் ஆகியிருக்கிறது. (சவுண்ட் பிளாஸ்டர் உங்கள் ஊர்ச் சரக்கு. 1989இல் கிரியேட்டிவ் நிறுவனம் அங்கிருந்து உலகத்துக்கு அனுப்பியது. சொந்த ஊர்க்காரரைக் கைவிடாதீர்கள்.)

கார்டை வெளியே எடுத்து மேசையில் வையுங்கள். பாகங்கள் இல்லாத பக்கத்தைப் பார்த்து, பிராக்கெட் (கணினிப் பெட்டியின் பின்பக்கம் திருகும் தகடு) முனையிலிருந்து விளிம்புத் தொடர்புகளை எண்ணுங்கள். 1 கிரவுண்ட், 3 +5 வோல்ட், 7 −12, 9 +12. மல்டிமீட்டரை பீப் முறையில் வைத்து ஒவ்வொன்றையும் கிரவுண்டோடு சோதியுங்கள். ஒரு கணம் பீப் அடித்து நின்றால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிறது, கவலையில்லை. விடாமல் கத்தினால் அதுதான் குற்றவாளி இருக்கும் வழி.

+12 என்றால் என் சந்தேகம் முதலில் டான்டலம் கெபாசிட்டர் மேல்தான் போகும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் சொட்டு மாதிரியோ சின்னப் பெட்டி மாதிரியோ இருக்கும். வயதானால் மின்வழி அறுந்துபோகாமல் ஷார்ட் ஆகிச் சாவது அதன் சுபாவம். அந்த வழியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக ஒரு கால் தூக்கிச் சோதியுங்கள். எதைத் தூக்கியதும் பீப் நிற்கிறதோ அதை மாற்றுங்கள். 12 வோல்ட் வழியில் 16 வோல்ட் டான்டலம் போட்டிருந்தால் 25 வோல்ட் போடுவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. அலுமினிய எலெக்ட்ரோலிட்டிக்கில் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ், டான்டலத்தில் பட்டை இருக்கும் பக்கம் பிளஸ். இது தெரிந்தும் ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மாற்றிப் போட்டேன். பட்டென்று ஒரு சத்தம், ஒரு சின்ன ஜ்வாலை, அப்புறம் இரண்டு நாளைக்கு அறையில் நாற்றம். கார்டு பிழைத்தது. மேசைவிரிப்பு பிழைக்கவில்லை.

எனக்கு ஈரோட்டுக்காரருக்கு நேர்மாறு. பேச்சும் வெடிச்சத்தமும் வருகின்றன, இசை மட்டும் இல்லை. கேம் ஆட்லிப் கார்டை (எஃப்எம் இசைக்கான பழைய கார்டு, சவுண்ட் பிளாஸ்டரும் அதுபோல நடந்துகொள்ளும்) கண்டுபிடித்துவிடுகிறது.
– நாகர்கோவில் வாசகர்

முதலில் மிக்சரில் (ஒவ்வொரு ஒலியின் அளவையும் தனித்தனியாகச் சரிசெய்யும் இடம்) எஃப்எம் ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், நானே அதைப் பார்க்காமல் இரண்டு மணி நேரம் தொலைத்திருக்கிறேன்.

கேம் கண்டுபிடிக்கிறது என்றால் எஃப்எம் இசையை உருவாக்கும் ஒய்எம்எஃப்262 சிப்பின் டைமர் பதில் சொல்கிறது, சிப் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் அது வெளியே விடுவது ஒலியல்ல, எண்கள்தான். பக்கத்தில் இருக்கும் ஒய்ஏசி512 என்ற சின்ன சிப்தான் அவற்றை ஒலியலையாக்குகிறது. அதற்கு மின்சாரம் வருகிறதா, கால்களில் சால்டர் விரிசல் விட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அதற்கடுத்த ஆப்-ஆம்ப்பையும் (ஒலியலையைப் பெருக்கும் சிப்) விடாதீர்கள். மாற்றுச் சிப் வாங்குவதானால், மேல் எழுத்தைச் சுரண்டி வேறு பெயர் அச்சடித்த போலிகள் உலவுகின்றன. செத்த கார்டு ஒன்றிலிருந்து எடுப்பதே எனக்கு நிம்மதி.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது.
– மதுரை வாசகர்

இசை, பேச்சு இரண்டுமே ஒரே பக்கம் போகிறதா? அப்படியானால் பழுது இரண்டும் சேரும் இடத்துக்குப் பிறகுதான். மிக்சர், ஆம்ப்ளிஃபையர், வால்யூம் சக்கரம், ஜாக் என்று பட்டியல் சுருங்கிவிடும். பின்னாலிருந்து வாருங்கள். ஜாக்கை லேசாக அசையுங்கள், சக்கரத்தை இருபது முறை உருட்டுங்கள். பாதிக் கார்டுகள் அங்கேயே குணமாகிவிடும். இல்லையென்றால் ஜாக்குக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பெரிய எலெக்ட்ரோலிட்டிக் ஜோடியைப் பாருங்கள். காய்ந்துபோயிருந்தால் முதலில் பேஸ் போகும், பிறகு சத்தமே போகும். இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எல்லாக் கெபாசிட்டரையும் மொத்தமாக மாற்றிவிட்டால் தொல்லை விட்டதா?
– வேலூர் வாசகர்

இந்த வைத்தியத்தில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கார்டில் பேட் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செப்புத் திட்டு) பிய்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். பழுது எதுவென்று தெரிந்த பிறகு அதை மட்டும் மாற்றுங்கள். ஒழுகியது, உப்பியது இருந்தால் மட்டும் கேட்காமலே எடுத்துவிடலாம்.

சத்தத்தோடு ஓயாத இரைச்சல் வருகிறது.
– திருச்சி வாசகர்

மிக்சரில் மைக், லைன்-இன் இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். கார்டில் ஸ்பீக்கர் அவுட்டை லைன் அவுட்டாக்கும் ஜம்பர் (கையால் மாற்றிச் செருகும் சிறு இணைப்பு) இருந்தால் ஆம்ப்ளிஃபையரைத் தவிர்த்துவிடுங்கள். மிச்சம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அந்தக் காலக் கார்டுகள் அப்படித்தான் பிறந்தன.

சவுண்ட் பிளாஸ்டரின் பிற்கால மாடலான ஏடபிள்யூஇ64 வாங்கினேன். விண்டோஸ் 98இல் வேலை செய்கிறது, வெறும் டாஸில் கார்டே இல்லை என்கிறது.
– கோவை வாசகர்

அதில் ஜம்பர் கிடையாது. யாராவது எழுப்பிவிட்டால்தான் எழும். டாஸில் கிரியேட்டிவின் சிடிசிஎம் அல்லது யுனிசவுண்ட் நிரலை ஆட்டோஎக்செக்கில் போடுங்கள், எழுந்துவிடும்.

இதையெல்லாம் புதிய மதர்போர்டில் செருக முடியுமா?
– கோவை வாசகரின் தம்பி

ஐஎஸ்ஏ ஸ்லாட்டே இல்லையே தம்பி. அண்ணனிடம் பெண்டியத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.