மொரீஷியஸ் போகிறோம், ரொட்ரிக்ஸ் தீவுக்கும் போகலாமா? அங்கே என்ன இருக்கிறது?

கேள்விக்குக் கீழே "அங்கே ஒன்றும் இல்லை என்கிறார்களே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மொரீஷியஸில் எபேன் பக்கம் ஒரு கம்பெனியில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். ரொட்ரிக்ஸ் என்று வாயெடுத்தால் போதும், ஆபீஸில் யாராவது ஒருத்தர் இதே வரியைச் சொல்வார். சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. நீங்கள் அனேகமாக ஒரு வாரப் பேக்கேஜ் போட்டு, கடைசியில் இரண்டு நாள் மிச்சம் இருக்கிறதே என்று யோசிக்கிறீர்கள். இரண்டு நாள்தான் என்றால் வேண்டாம். நாலு நாள் ஒதுக்க முடியும் என்றால் கண்டிப்பாகப் போங்கள். பதில் அவ்வளவுதான். மீதி என் கதை, நேரம் இருந்தால் படியுங்கள்.

முதலில் ஒன்று, யாராவது திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அது தனி நாடு இல்லை. மொரீஷியஸ் குடியரசுக்குள் தன்னாட்சி பெற்ற தீவு. 108 சதுர கிலோமீட்டர், நாற்பதாயிரத்துச் சொச்சம் பேர், மொரீஷியஸிலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், விசிறி வைத்த சின்ன விமானத்தில் ஒன்றரை மணி நேரம். 1967 தேர்தலில் இந்தத் தீவுக்காரர்கள் சுதந்திரம் வேண்டாம் என்ற பக்கத்துக்குத்தான் அள்ளிப் போட்டார்கள். யாரும் கேட்கவில்லை, 1968-ல் மொரீஷியஸோடு சேர்ந்து அவர்களுக்கும் சுதந்திரம் வந்துவிட்டது. அப்புறம் பல வருஷம் எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை என்ற குறை. 2001-ல் சட்டம் வந்து, 2002 அக்டோபர் 12 அன்று அவர்களுடைய சொந்தப் பேரவை கூடியது. அந்த நாளை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். பட்ஜெட் பணம் பெரும்பாலும் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியிலிருந்துதான் வரவேண்டும், அதுவும் உண்மை. முழு சுயராஜ்யம் என்று நான் அளக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். 2014 அக்டோபரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி, தாத்தா வள்ளத்தில் போனவர். மொரீஷியஸ் ரிசார்ட்டுகளைக் காட்டினேன், "நல்லாத்தான் இருக்கு" என்றாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ரொட்ரிக்ஸில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம், சாப்பாடும் அந்த வீட்டுக்கார அம்மாவே போடுவார். வாசலில் கம்பு நட்டு, துணி காயப்போட்ட மாதிரி என்னவோ விரித்துக் கட்டியிருந்தது. நான் கேமராவை எடுப்பதற்குள் அம்மா கிட்டே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலே, இது பேய்க்கணவாய்லா!" என்றாள். ஆக்டோபஸைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். வீட்டுக்கார அம்மா தீவின் கிரியோல் மொழியில் "ஊரீத்" என்றார். இரண்டு பேருக்கும் பொது மொழி என்று ஒன்றும் கிடையாது, அன்று சாயந்திரம் அடுப்படியில் இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் வற்றத்துக்கு, அதாவது கடல் வற்றி உள்வாங்கும் நேரத்துக்கு, பார்க்கப் போனோம். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம், அதற்குள் தீவைப்போல இரண்டு மடங்கு பரப்புக்கு ஆழமில்லாத கடல். அதில் பெண்கள் ரப்பர் பூட்ஸும் ஓலைத் தொப்பியுமாக நடந்தே போய், கையில் கம்பியோடு பொந்து பொந்தாகக் குத்திப் பேய்க்கணவாய் பிடிக்கிறார்கள். பிடிபடுவது குறைந்துகொண்டே வந்ததால் 2012-லிருந்து ஆகஸ்டு பாதியிலிருந்து அக்டோபர் பாதி வரை இரண்டு மாதம் பிடிக்கத் தடை. சும்மா தடை போட்டுவிட்டுப் போகவில்லை, அந்த நாட்களுக்குக் கடற்கரைச் சுத்தம் மாதிரி மாற்று வேலை கொடுத்துக் கூலியும் கொடுத்தார்கள். நாங்கள் போனது தடை முடிந்த சமயம். வீட்டுக்காரர் கொண்டுவந்த ஒன்றை அம்மாவால் ஒரு கையில் தூக்க முடியவில்லை. நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலத்தின்போது வரும் நிவாரணம் எப்போது வரும், யாருக்கு வரும் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி, அவள் கேட்ட முதல் கேள்வியே "இவங்களுக்குக் காசு ஒழுங்கா வந்துருதா?" என்பதுதான். நான் கேட்டுச் சொன்னேன், வருகிறதாம். இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்து "ஒன்றும் இல்லை" என்பவர்கள் இதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். ஏனென்றால் வற்றம் எத்தனை மணிக்கு என்று எந்தப் பேக்கேஜிலும் போட்டிருக்காது.

கொக்கோஸ் தீவுக்குப் படகில் போனது அடுத்த நாள். பறவைகளுக்கான காப்பிடம், வெள்ளை ஆலா கூடே கட்டாமல் வெறும் கிளையில் முட்டை வைத்திருக்கும். அம்மா அதைப் பார்த்து ரொம்ப நேரம் கவலைப்பட்டாள். இங்கேதான் எனக்கு போன் வந்தது. மேனேஜர். சர்வர் விழுந்துவிட்டதாம், உடனே பார்க்கணுமாம். மூன்று மாதம் முன்பே எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி எடுத்த லீவு ஐயா அது. நடுக்கடலில் நான் எங்கே போய் லேப்டாப்பைத் திறப்பது? திரும்பிப் போனதும் "பொறுப்பில்லை" என்று மதிப்பீட்டில் எழுதினார், அந்த வருஷ சம்பள உயர்வும் போச்சு. லீவுக்கு அனுமதி கொடுப்பது, போனபிறகு அதை நம்மிடமிருந்து பிடுங்குவதற்குத்தானோ என்று இப்போதும் தோன்றுகிறது. அந்தத் தீவுக்காரர்கள் பேய்க்கணவாய்க்கே இரண்டு மாதம் விடுப்பு கொடுக்கிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும்.

பார்க்க வேண்டிய மற்றவை: பிரான்சுவா லெகா ஆமைக் காப்பகம். லெகா 1691-ல் இங்கே வந்திறங்கிய பிரெஞ்சு அகதி, அவர் பார்த்த ராட்சத ஆமைகளைக் கப்பல் கப்பலாக ஏற்றித் தின்றே தீர்த்தார்கள். இப்போது இருப்பவை வேறு இடத்துச் சாதி, 2007-ல் கொண்டுவந்து விட்டவை. கழுத்தைச் சொறிந்தால் நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னொரு விஷயம், இந்தத் தீவுக்கே உரிய காட்டுக்காப்பிச் செடி. அழிந்தே போய்விட்டது என்று எழுதி வைத்திருந்தார்கள். 1980-ல் ஒரு வாத்தியார் பழைய படத்தைக் காட்டிச் சொல்ல, ஒரு பையன் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து நின்றான். ஒரே ஒரு செடி. வேலி போட்டால் மருந்துக்கு என்று ஆட்கள் தாண்டிக் குதித்து வெட்டினார்கள், அதனால் வேலிக்கு மேல் வேலி. லண்டன் கியூ தோட்டத்தில் குச்சி நட்டுப் பிழைக்க வைத்து, 2003-ல்தான் விதை எடுக்க முடிந்தது. 1883-ல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்த சத்தம் 4,800 கிலோமீட்டர் தாண்டி இங்கே பீரங்கி மாதிரி கேட்டதாம், அன்றைய போலீஸ் அதிகாரி குறித்து வைத்திருக்கிறார். அதற்கு என்று பார்க்க ஒன்றும் இல்லை, எனக்குப் பிடித்த செய்தி என்பதால் சொன்னேன்.

குறையும் உண்டு. தண்ணீர்ப் பஞ்சம், குளிக்கும்போது பார்த்துச் செலவழியுங்கள். சைவம் மட்டும் என்றால் பருப்பும் சிவப்பு பீன்ஸும் மாறி மாறி வரும். டிக்கெட் விலை மலிவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஊர் அடங்கிவிடும், புது மணத் தம்பதி என்றால் சண்டை போட நிறைய நேரம் கிடைக்கும்.

தீவின் முக்கிய ஊரான போர்ட் மாதுரினில் நடக்கும் சனிக்கிழமைச் சந்தைக்கு மட்டும் விடியற்காலையிலேயே போய்விடுங்கள், தாமதித்தால் கடையைக் கட்டிவிடுவார்கள். மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். அம்மா அதை ஊறுகாய் விற்ற பெண்ணிடம் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் நோட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சின்ன எலுமிச்சை ஊறுகாய் ஒரு பாட்டில் கூடுதலாகப் பையில் போட்டார்.