தேயிலைக்குள் மூன்று செல்போன்கள்

கூடலூரிலிருந்து எழுதியிருக்கும் அப்பாவுக்கு வணக்கம்.

பிளஸ் டூ படிக்கும் மகள் பழைய செல்போன்கள் மூன்றை சில்வர் ஓக் மரங்களில் கட்டிவைத்து, யானை எங்கே நின்று பிளிறுகிறது என்று கணக்குப் போடுகிறாள், இதற்கு யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்கிறீர்கள். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன்.

ஒரே சத்தம் இரண்டு மைக்குகளுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, அது ஒரு வளைகோட்டின் மேல் எங்கோ பிறந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். அவள் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் அதிபரவளையம்தான் அந்தக் கோடு. மூன்றாவது மைக் இன்னொரு கோடு தரும்; இரண்டும் வெட்டும் இடத்தில் யானை. சில சமயம் இரண்டு இடத்தில் வெட்டித் தொலைக்கும், அப்போது நாலாவது மைக் வேண்டும்.

விடை எப்போதும் தப்பாக வருகிறது என்று அழுகிறாளாமே? கணக்கைவிட எனக்குக் கடிகாரத்தின் மேல்தான் சந்தேகம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு போன் பத்தில் ஒரு நொடி தாமதமாகப் பதியத் தொடங்கினால் 34 மீட்டர் பிசகிவிடும். உங்கள் மரங்களுக்கு நடுவே இருப்பதே 30 மீட்டர்! மூன்றையும் ஓடவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தட்டை ஓங்கித் தட்டட்டும். எடுத்து வந்ததும் மறுபடி ஒரு தட்டு. அந்த 'டங்'கை வைத்து மூன்று பதிவுகளையும் பொருத்தலாம். குளிரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 20 டிகிரியில் 343 மீட்டர், 10 டிகிரியில் 337. போனைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் பகலில், நீங்கள் கூட இருக்கும்போது மட்டும்.

சரி, வேலை. கொச்சியில் கடற்படைக்கு சோனார் (ஒலியை வைத்துத் தண்ணீருக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்கும் கருவி) உருவாக்கும் என்.பி.ஓ.எல். என்ற அரசு ஆய்வகத்தில் இதே கணக்கைத் தண்ணீருக்குள் போடுகிறார்கள்; அங்கே ஒலியின் வேகம் நொடிக்கு 1,500 மீட்டர். காதுக் கருவி, செல்போன் செய்பவர்களுக்கும் இது தேவை. ஆனால் பி.இ. முடித்த கையோடு இந்த வேலை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்புப் பிரிவு) எடுத்து, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, ஒலி போன்ற சிக்னல்களை அலசும் சிக்னல் பிராசஸிங்கில் எம்.டெக். வரை போகவேண்டியிருக்கும். பெயரில் 'ஏ.ஐ.' ஒட்டிய புதுப் பிரிவுகளைப் பார்த்து மயங்காதீர்கள்.

பி.இ. சேர்க்கைக்கான கட் ஆஃப் மதிப்பெண் 200-இல் வேதியியலுக்கு 50 உண்டு. யானை மும்முரத்தில் அதை விட்டுவிடப்போகிறாள்.

ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதானா என்று நீங்கள் எழுதவில்லை. ஆம் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிச் செலவும் அரசுடையது. படிப்புச் சான்றிதழை இப்போதே பள்ளியில் கேட்டு வாங்கி வையுங்கள்.