கால் வீக்கமும் ரத்த ஓட்டமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 46. கடற்பாசி வளர்ப்பில் இருக்கிறேன். கரையில் உட்கார்ந்து கயிற்றில் பாசி கட்டுவதும், இடுப்பளவு தண்ணீரில் நின்று தெப்பத்தைப் பார்ப்பதுமாக நாள் போகிறது. இரண்டாவது பிரசவத்திற்குப் பிறகு இடது காலில் நரம்பு சுருண்டு தடித்துவிட்டது. இப்போது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கம், தோல் கறுத்து அரிக்கிறது. கடல் தண்ணீரில் நிற்பதால்தான் இப்படி ஆனது என்கிறார்கள். தைலம் தேய்த்தால் போகுமா, ஆபரேஷன்தான் வழியா?
– வாசகி, பாம்பன்

பதில்: கடல்நீரால் இந்த நோய் வருவதில்லை. சொல்லப்போனால், இடுப்பளவு நீரில் நிற்கும்போது நீரின் அழுத்தம் காலைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிப்பதால், கால் சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில், ரத்தம் தேங்குவது குறையவே செய்கிறது. கெடுதல் செய்வது கரையில் கழியும் நேரம்தான். முட்டியை மடக்கி அசையாமல் மணிக்கணக்கில் பாசி கட்டும்போதும், மீன் இறங்குதளத்தில் நின்ற இடத்திலேயே நின்று மீனைத் தரம் பிரிக்கும்போதும், கெண்டைச்சதைக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது. பாதத்திலிருந்து இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டிய ரத்தத்தைப் பெருமளவு பிழிந்து தள்ளுவது அந்தச் சதைதான். தள்ளிய ரத்தம் மறுபடி கீழே இறங்காதபடி சிரைகளுக்குள் ஒருவழி வால்வுகள் உள்ளன. கையில் துணியைக் கட்டி, புடைத்தெழுந்த சிரையை விரலால் வழித்துவிட்டு, ரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே ஓடுகிறது என்பதை 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி விளக்கியது இந்த வால்வுகளைக் கொண்டுதான்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன்களாலும் வயிற்றின் அழுத்தத்தாலும் சிரைகள் விரிகின்றன. சிலருக்குப் பரம்பரையாகவே சிரைச் சுவர் தளர்ந்திருக்கும். விரிந்த சிரையில் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேராமல் போக, ரத்தம் கீழிறங்கித் தேங்குகிறது. நீங்கள் நரம்பு என்று குறிப்பிடும் அந்தத் தடிப்பு இப்படிப் பழுதான சிரைதான். மருத்துவமனையில் இதை வெரிகோஸ் வெயின் என்பார்கள். தேங்கிய ரத்தத்திலிருந்து சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிந்து உடையும்போது, அவற்றிலுள்ள இரும்புச்சத்து படிந்து தோல் கறுக்கிறது. கணுக்காலின் உள்பக்கம் கறுப்பதும் அரிப்பதும் புண் வருவதற்கு முந்தைய நிலை என்பதால்தான் உங்கள் கடிதத்தை இந்த இதழில் முதலாவதாக எடுத்துக்கொண்டேன். புண் வந்துவிட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும். ஆறினாலும், சிரையைச் சரிசெய்யாதவரை திரும்பத் திரும்ப வரும்.

தைலம் வால்வைச் சரிசெய்யாது. தோல் வறண்டு வெடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம். ஆனால் தடித்துச் சிவந்து வலிக்கும் சிரையை அழுத்தித் தேய்ப்பது கூடவே கூடாது. முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். எந்தச் சிரையில், எந்த இடத்தில் ரத்தம் பின்வாங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும். பிறகு லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அந்தச் சிரையை மூடிவிடலாம். சிலருக்கு அறுவை சிகிச்சை பொருந்தும். ஒரு சிரையை மூடினால் ரத்த ஓட்டம் என்ன ஆகும் என்று பலர் அஞ்சுகிறார்கள். காலின் ரத்தத்தில் பெரும்பகுதியை ஏற்றிச் செல்பவை உள்ளே ஆழத்தில் ஓடும் சிரைகளே. அவை நன்றாக இருக்கின்றனவா என்பதையும் அதே ஸ்கேனில் பார்த்துவிட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

சிகிச்சைக்கு நாள் குறிக்கும்வரை அழுத்தக் காலுறை உதவும். பாதத்தில் நாடித் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்த பிறகே அதை வாங்க வேண்டும். காலையில் படுக்கையைவிட்டு இறங்குவதற்கு முன், கால் வீங்காதிருக்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். காலுறையைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்க வேண்டாம். மணலும் உப்பும் சேர்ந்து தோலை அராவிவிடும். கரை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் அணிந்தாலே போதும். பாசி கட்டும்போது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து, குதிகாலை இருபது முறை தூக்கி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் படுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகளை உங்களோடு கரையில் உட்காரும் பெண்களுக்கும் சொல்லுங்கள். கடல் தண்ணீர் பட்டால் புண் ஆறும் என்ற நம்பிக்கை நம் கரையோரத்தில் வேரூன்றியிருக்கிறது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் சில கிருமிகள் திறந்த புண் வழியே நுழைந்தால், சர்க்கரை நோயாளிக்கும் கல்லீரல் நோயாளிக்கும் உயிராபத்தே நேரலாம். ஆகவே காலில் புண் இருக்கும்போது கடலில் இறங்காதீர்கள். மற்றொன்று, புடைத்த சிரையில் சிப்பியோ முள்ளோ கீறி ரத்தம் பீறிட்டால், மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், உடனே மல்லாந்து படுத்துக் காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். அநேகமாக நின்றுவிடும், பிறகு மருத்துவமனைக்குப் போகலாம்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைச்சதை கல்லாகி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 38. விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். சிறு வயதிலிருந்தே பீடி குடிக்கிறார். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இப்போது வலது கால் கட்டைவிரல் நுனி கறுத்து, இரவெல்லாம் வலியில் உட்கார்ந்திருக்கிறார். மீன் முள் குத்திய விஷம் என்று பச்சிலை கட்டி வருகிறோம்.
– வாசகர், தொண்டி

பதில்: பச்சிலையை எடுத்துவிட்டு, இந்தப் பதிலைப் படிக்கும் நாளிலேயே அவரை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடந்தால் வலிப்பதும் நின்றால் விடுவதும், காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி அடைபட்டு வருகிறது என்பதன் அடையாளம். படுத்திருக்கும்போதே வலித்து விரல் நுனியும் கறுத்திருப்பதால், அடைப்பு முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். இளம் வயதில் புகைப்பவர்களைப் பிடிக்கும் பர்ஜர் நோயாக இது இருக்கலாம். 1908இல் லியோ பர்ஜர் என்ற மருத்துவர் விரிவாக விவரித்ததால் அந்தப் பெயர். சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதையும் உடனே பார்க்க வேண்டும்.

இந்த நோயில் பீடியைக் குறைப்பதால் பயனில்லை. ஒன்றிரண்டு பீடி தொடர்ந்தாலும், அதற்குப் பதிலாக வாயில் புகையிலை அடக்கினாலும், நோய் விரலிலிருந்து பாதத்துக்கும், பாதத்திலிருந்து காலுக்கும் ஏறும். முற்றிலும் நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் காலை இழக்காமல் தப்பிக்கிறார்கள். கடலில் இரவு விழித்திருக்கவும் குளிரைத் தாங்கவும் பீடிதான் துணை என்று அவர் சொல்வார். அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. ஆனாலும் கால் போனால் கடல் தொழிலும் போய்விடும் என்பதை வீட்டார் எல்லோரும் சேர்ந்து அவரிடம் சொல்ல வேண்டும். 1800 11 2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகையிலையை நிறுத்த ஆலோசனை கிடைக்கும். உணர்ச்சி குறைந்த கால் எளிதில் வெந்துவிடும் என்பதால் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன அழுத்தக் காலுறையும் இவருக்கு ஆகாது.

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சாயங்காலமானால் இரண்டு பாதமும் வீங்குகிறது. கருவாட்டை நிறுத்த வேண்டுமா?
– வாசகி, கீழக்கரை

பதில்: முதலில் மாத்திரை அட்டையில் அம்லோடிபின் என்றிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மருந்தாலேயே சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அளவைக் குறைத்தோ வேறு மருந்து மாற்றியோ சரிசெய்துவிடலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுவது, படியேறினால் இளைப்பது, முகம் வீங்குவது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இ.சி.ஜி.யும் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கருவாட்டைப் பொறுத்தவரை, ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையுமே தவிர முழுதாக நீங்காது. வீக்கத்தின் காரணம் தெரியும்வரை கருவாட்டை விட்டுவிட்டு, பச்சை மீன் சமைத்துக் கொடுங்கள். ஊறுகாயும் அப்பளமும் அதே கணக்கில்தான் சேரும்.