மாடு எப்போது எழும்பும்? – வாசகர் கேள்வி பதில்

சிரிப்பூட்டும் சின்னக் கேள்விகளை விஞ்ஞானிகள் உண்மையிலேயே ஆராய்வதுண்டா என்று கேட்டு வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் எட்டுக் கடிதங்களுக்கே இம்முறை இப்பக்கங்கள் போதுமாகிவிட்டன.

மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி: பாடசாலைக்குப் போகும் வழியில் ஏ-9 வீதியில் மாடுகள் படுத்துக் கிடக்கின்றன. பேருந்துச் சாரதி எவ்வளவு ஹோன் அடித்தாலும் சில மாடுகள் அசைவதில்லை. படுத்த மாடு எவ்வளவு நேரத்தில் எழும்பும் என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இதை யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா?

ஆராய்ந்திருக்கிறார்கள், அதற்காகப் பரிசும் வாங்கியிருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் பேர்ட் டொல்காம்ப் என்பவரும் அவரது குழுவினரும் பசுக்களின் கால்களில் அசைவை உணரும் சிறு கருவிகளைக் கட்டி, எந்தப் பசு எப்போது படுத்தது, எப்போது எழும்பியது என்று இரவும் பகலும் பதிவு செய்தார்கள். படுத்திருந்த நேரம் நீள நீள, பசு விரைவில் எழும்பிவிடும் வாய்ப்புக் கூடுகிறது என்பது அவர்கள் எதிர்பார்த்தபடியே தெரியவந்தது. நிற்கும் பசுவும் அப்படித்தான், நிற்க நிற்கப் படுக்கும் வாய்ப்புக் கூட வேண்டும் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். பதிவுகள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. எழும்பி நிற்கும் பசு எப்போது மீண்டும் படுக்கும் என்பதை, அது நின்ற நேரத்தை வைத்துக் கணிப்பது எளிதாக இருக்கவில்லை. மாடு படுக்கும் ஒழுங்கு மாறுவது நோய்க்கோ சினைப்பருவத்துக்கோ அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், இந்தக் கணக்கு பண்ணையாளருக்குப் பயன்படும். உங்கள் பேருந்துச் சாரதிக்கோ அரைகுறை ஆறுதல்தான்: விடியற்காலையிலிருந்து படுத்துக் கிடக்கும் மாட்டை நம்பலாம், நடுவீதியில் நிற்கும் மாட்டை நம்ப இயலாது.

இந்த ஆய்வுக்குக் கிடைத்தது 2013 ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசு. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்று மார்க் ஏப்ரகாம்ஸ் என்னும் அமெரிக்க இதழாசிரியர் 1991 இல் தொடங்கிய பரிசு அது. மட்டமானது என்று பொருள்படும் ‘இக்னோபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லை நினைவூட்டி, பெயரிலேயே நோபல் பரிசைச் சிலேடையாகக் கேலி செய்கிறது. கேலி என்றாலும் மட்டமில்லை. காந்தப் புலத்தில் தவளையை அந்தரத்தில் மிதக்க வைத்ததற்காக 2000 இல் இப்பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான ஆந்திரே கெய்ம், பத்து ஆண்டுகள் கழித்து, ஓர் அணுவளவே தடிப்புள்ள கரி ஏடான கிராபீன் பற்றிய ஆய்வுக்காக உண்மையான நோபல் பரிசையும் பெற்றார்.

வகுப்பில் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைய தன்சானியாவில் 1963 இல் எரஸ்டோ ம்பெம்பா என்ற மாணவர் ஐஸ்கிறீம் செய்தபோது, இன்னொரு மாணவரின் காய்ச்சாத பாற்கலவைக்கு முன்பே தமது சூடான கலவை உறைந்துவிட்டதைக் கண்டு ஆசிரியரிடம் காரணம் கேட்டார். அது உலகத்தின் பௌதிகவியல் அல்ல, ம்பெம்பாவின் பௌதிகவியல் என்று ஆசிரியர் கேலி செய்தார். பின்னர் உரையாற்ற வந்த டெனிஸ் ஒஸ்போர்ன் என்ற பல்கலைக்கழகப் பேராசிரியரிடம் அதே கேள்வியை அவர் மறுபடி கேட்டபோதும் சக மாணவர்கள் சிரித்தார்கள். ஒஸ்போர்ன் சிரிக்காமல் ஆய்வுகூடத்தில் செய்து பார்க்கச் சொன்னார். இருவரும் சேர்ந்து 1969 இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்த விளைவுக்கு ம்பெம்பாவின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் அது எப்போதும் நிகழ்வதில்லை, ஏன் நிகழ்கிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் உடன்பாடும் இல்லை. உங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு தடவையோடு நிறுத்திவிடாதீர்கள்.

நெடுங்கேணியிலிருந்து ஒரு விவசாயி: யானை இரவில் வந்து வயலை மிதித்துவிட்டுப் போகிறது. விடிந்தால் காலடிதான் மிச்சம். வந்தது எவ்வளவு பெரிய யானை என்று காலடியை வைத்துச் சொல்ல முடியுமா?

முடியும் ஐயா, ஒரு கயிறு போதும். ஆசிய யானையின் முன்பாதத்தின் சுற்றளவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு அதன் தோள் உயரம் என்பது பாகர்கள் பரம்பரையாக அறிந்து வைத்திருக்கும் கணக்கு. விலங்கியலாளரும் அதை ஏற்கிறார்கள். காலடியின் விளிம்பைச் சுற்றிக் கயிற்றை வைத்து, அது 1.2 மீற்றர் வந்தால், வந்தவர் ஏறத்தாழ 2.4 மீற்றர், அதாவது கிட்டத்தட்ட எட்டடி உயரமானவர். முன்காலடி வட்டமாகவும் பின்காலடி சற்று நீண்டும் இருக்கும். வட்டமானதையே அளக்க வேண்டும். உழுத சேற்றில் பாதம் புதைந்து சுவடு விரிந்துவிடுவதால் அங்கே அளந்தால் யானை வளர்ந்துவிடும். வரம்போரத்தில் ஈரமாகவும் இறுக்கமாகவும் உள்ள மண்ணில் பதிந்த சுவடே நம்பத்தக்கது. யானை வந்த மறுநாள் காலையில் அதன் உயரம் ஊர் வாயில் வளர்ந்துகொண்டே போவதை நீங்களும் கண்டிருப்பீர்கள். கயிறு அதற்கும் மருந்து.

இதே முன்பாதச் சுற்றளவு கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் கே.பி. ஸ்ரீகுமார், ஜி. நிர்மலன் ஆகிய இருவருக்கும் கைகொடுத்தது. யானையின் உடம்புத் தோல் முழுவதும் எத்தனை சதுர மீற்றர் என்பது அவர்களுடைய கேள்வி. உடல் வெப்பம் வெளியேறுவதும் மருந்தின் அளவும் மேற்பரப்போடு தொடர்புடையவை என்பதால் அது வீண் கேள்வியன்று. யானையை அங்குலம் அங்குலமாக அளப்பதுதான் நடைமுறைக்கு ஒவ்வாதது. தோள் உயரமும் முன்பாதச் சுற்றளவும் தெரிந்தால் பரப்பைக் கணித்துவிடலாம் என்று 1990 இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார்கள். 2002 இல் கணிதத்துக்கான இக் நோபல் அவர்களைத் தேடி வந்தது.

காவல் கொட்டிலில் விழித்திருக்கும் உங்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவனத்தில் பற்றீசியா யாங், டேவிட் ஹூ ஆகியோர் அடங்கிய குழு, மூன்று கிலோவுக்கு மேற்பட்ட பாலூட்டிகள் சிறுநீர்ப்பையை வெறுமையாக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ 21 செக்கன், கூடக் குறைய 13 செக்கன், என்று கண்டறிந்தது. பூனையின் பையில் கொள்வது 5 மில்லிலீற்றர், யானையினுடையதில் 18 லீற்றர். அப்படியிருந்தும் நேரம் பெரிதாக வேறுபடாததற்குக் காரணம், யானையின் சிறுநீர்க்குழாய் அகலமானது மட்டுமல்லாமல் ஒரு மீற்றர் அளவுக்கு நீளமானதும் ஆகும். உயரத்திலிருந்து இறங்கும் நீர் வேகம் கொள்வது போல, குழாய் நீள நீளப் புவியீர்ப்பு ஓட்டத்தை விரைவாக்குகிறது. தண்ணீர்த் தாங்கியை ஏன் உயரத்தில் வைக்கிறோம் என்பதற்கும் இதுவே விடை.

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி: தென்னைக்குக் கீழே பிள்ளைகள் பாய் விரித்தால் அம்மம்மா ஏசுகிறார். தேங்காய் விழுந்து ஆட்கள் இறப்பது சுறா கடித்து இறப்பதைவிட அதிகமாமே?

அம்மம்மா சொல்வது சரி, சுறாக் கதைதான் பிழை. ஆண்டுக்கு 150 பேர் தேங்காய் விழுந்து இறக்கிறார்கள் என்று பரவும் எண்ணுக்குப் பின்னால் எந்தக் கணக்கெடுப்பும் இல்லை. உண்மையில் எண்ணிப் பார்த்தவர் பீற்றர் பார்ஸ் என்ற வைத்தியர். பப்புவா நியூகினியின் அலோட்டாவு வைத்தியசாலைப் பதிவுகளை நான்கு ஆண்டுகளுக்குப் பார்த்து, காயங்களுக்காக அனுமதிக்கப்பட்டோரில் 2.5 சதவீதத்தினர் தேங்காய் விழுந்து காயப்பட்டவர்கள் என்று 1984 இல் எழுதினார். அங்குள்ள தென்னைகள் 24 முதல் 35 மீற்றர் வரை வளர்பவை. மட்டையோடு கூடிய காய் ஒன்று முதல் நான்கு கிலோ வரை நிறையுள்ளது. தலையில் விழும்போது ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட விசையோடு தாக்கக்கூடும். 2001 இல் இக் நோபல் பெற்ற இந்தக் கட்டுரையைக் கேட்டுச் சிரிப்பவர்கள், பெரும்பாலும், தென்னை இல்லாத நாடுகளில் வசிப்பவர்கள். அலோட்டாவுவின் விகிதத்தை முல்லைத்தீவுக்கு அப்படியே பொருத்த முடியாது. பாயைப் பத்தடி தள்ளி விரிப்பதற்கு விகிதம் தேவையும் இல்லை.

பாண்டியன்குளத்திலிருந்து ஓர் அம்மா: என் ஐந்து மாடுகளையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வீட்டுக்காரர் கேலி செய்கிறார். பெயர் வைத்தால் பால் கூடும் என்பது உண்மையா?

அப்படிச் சொல்லும் ஆய்வு உண்டு அம்மா. பிரித்தானியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கத்தரின் பேர்ட்டன்ஷோ, பீற்றர் ரௌலின்சன் ஆகிய இருவரும் 516 பண்ணையாளர்களிடம் விசாரித்து, பசுக்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்ணைகளில் ஒரு பசு ஆண்டுக்கு 258 லீற்றர் கூடுதலாகப் பால் தந்தது என்று அறிவித்து 2009 இல் இக் நோபல் பெற்றார்கள். இதை வீட்டுக்காரரிடம் காட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பெயர் வைப்பவர், அந்த மாட்டின் மடியைத் தினமும் பார்ப்பவர், அது தின்னாவிட்டால் கவனிப்பவர், உண்ணி ஏறினால் எடுப்பவர். பால் கூடியது பெயராலா, அந்தக் கவனிப்பாலா என்று விசாரிப்பினால் மட்டும் பிரித்தறிய இயலாது. காட்டோரம் மேயவிட்டுக் குறி சுட்டு அடையாளம் காணும் பெரிய பட்டியில் திடீரென்று எல்லா மாட்டுக்கும் இலட்சுமி என்று பெயர் வைத்தால் பால் கூடும் என்று நான் நம்பமாட்டேன்.

இந்தக் குறை இல்லாமல் எப்படி ஆராய்வது என்பதற்கு ஜப்பானில் செய்த ஒரு சோதனை நல்ல உதாரணம். கறுப்பு மாடுகளில் வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு தீட்டினால் கடிக்கும் ஈக்கள் குறையுமா என்று ஆறு மாடுகளில் பார்த்தார்கள். வெள்ளைக் கோடு தீட்டியபோது ஈ பாதியளவாகக் குறைந்தது. ஈயை விரட்டியது கோடா, வண்ணப்பூச்சின் மணமா? அதை அறியவே, அதே மாடுகளில் கறுப்பின் மேல் கறுப்புக் கோடும் தீட்டிப் பார்த்தார்கள், ஈ குறையவில்லை. 2019 இல் வெளியான இந்த ஆய்வு 2025 இல் இக் நோபல் பெற்றது. ஆறு மாடு சிறிய தொகைதான். இருந்தாலும், 516 பேரின் வாய்மொழியைவிட அந்தக் கறுப்பின் மேல் தீட்டிய கறுப்புக் கோட்டுக்கே நான் அதிகம் மதிப்புக் கொடுப்பேன்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒருவர்: காட்டில் தேன் எடுக்கும்போது எத்தனையோ தடவை கொட்டு வாங்கியிருக்கிறேன். உடம்பில் எந்த இடத்தில் கொட்டினால் அதிகம் வலிக்கும்?

அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவராக இருந்த மைக்கேல் ஸ்மித், தம் உடம்பிலேயே 25 இடங்களில் தேனீயைப் பிடித்து வைத்துக் கொட்டவிட்டு, ஒன்றிலிருந்து பத்து வரை வலிக்குப் புள்ளி போட்டார். மூக்குத் துவாரம் 9, மேலுதடு 8.7, மூன்றாவது இடத்தை இந்தச் சஞ்சிகையில் அச்சிடுவதற்கில்லை. தலை உச்சி, நடுக்கால்விரல் நுனி, மேற்கை மூன்றும் 2.3 உடன் கடைசியில் நின்றன. நேற்றைய வலியோடு இன்றைய வலியை ஒப்பிட மனம் ஏமாற்றும் என்பதால், ஒவ்வொரு நாளும் தொடக்கத்திலும் முடிவிலும் முழங்கையின் கீழே ஒரு கொட்டு வாங்கி அதை அளவுகோலாக வைத்துக்கொண்டார். 2015 இல் பரிசு கிடைத்தது. கொட்டு வாங்கியவர் ஒருவரே, தேனீயும் வளர்ப்புத் தேனீ. எங்கள் காட்டுப் பெருந்தேனீயின் வரிசை வேறாகவும் இருக்கலாம். எப்படியாயினும் முகத்தை மூடுவது நன்று. கொட்டிய பின் மூச்சுத் திணறலோ உடம்பெங்கும் தடிப்போ வந்தால், வலி எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர்: நுளம்பு ஏன் காலையே தேடிக் கடிக்கிறது?

மலேரியாவைப் பரப்பும் ஆபிரிக்க அனோபிலிஸ் நுளம்புகள் பாதத்தையும் கணுக்காலையும் விரும்பிக் கடிப்பதை நெதர்லாந்தில் பார்ட் நொல்ஸ், ரூர்ட் டி யோங் ஆகியோர் கண்டார்கள். கிருமிகொல்லிச் சவர்க்காரத்தால் பாதத்தைக் கழுவியதும் கடிகள் மற்ற இடங்களுக்குப் பரவின. பாதத்தின் மணத்துக்குக் காரணமான பக்ரீரியாவின் நெருங்கிய உறவுதான் லிம்பேர்கர் என்னும் கடும் மணமுள்ள பாற்கட்டியிலும் வளர்கிறது. அந்தப் பாற்கட்டியின் மணத்துக்கும் நுளம்புகள் வந்து மொய்த்தன. 2006 இல் இக் நோபல் பெற்ற இந்த வேடிக்கையிலிருந்து நுளம்புப் பொறிக்கு இரை கிடைத்தது. எங்கள் பகுதியை ஒரு காலத்தில் வாட்டிய மலேரியாவைப் பரப்பியது இதன் இன்னோர் இனம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. கால் கழுவுவதை அதற்காக விட்டுவிட வேண்டாம்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் இளைஞர்: விரலில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வருமா?

தாயாரின் எச்சரிக்கையைச் சோதிப்பதற்காக டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க வைத்தியர் 50 ஆண்டுகளுக்கு மேலாக இடக்கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலக்கையை ஒப்பீட்டுக்காகச் சும்மா விட்டுவைத்தார். இரு கைகளிலும் வாதம் வரவில்லை. 2009 இல் பரிசு பெற்றார்.

துணுக்காயிலிருந்து ஒரு மாணவர்: மயில் அகவினால் மழை வரும் என்று அம்மம்மா சொல்கிறார். இதை நானே ஆராய முடியுமா?

தாராளமாக. இணைசேரும் பருவத்திலேயே மயில் அதிகம் அகவும். அந்தப் பருவமும் மாரியும் ஒட்டி வந்தால், மயில் ஒன்றும் அறியாமலேயே அதன் வாக்குப் பலித்துக்கொண்டிருக்கும். ஆகவே அகவி மழை பெய்த நாட்களை மட்டும் எண்ணினால் அம்மம்மா எப்போதும் வெல்வார். ஒரு கொப்பியில் நான்கு கட்டங்கள் கீறுங்கள்: அகவிப் பெய்த நாள், அகவியும் பெய்யாத நாள், அகவாமல் பெய்த நாள், அகவாமலும் பெய்யாமலும் போன நாள். அகவிய 20 நாட்களில் 10 நாள் மழையும், அகவாத 30 நாட்களில் 15 நாள் மழையும் என்று வந்தால், இரண்டும் பாதிக்குப் பாதி. மயிலுக்கும் மழைக்கும் தொடர்பில்லை. ஐப்பசியில் தொடங்கி மார்கழி முடியும்வரை ஒரு நாளும் விடாமல் எழுதுங்கள். முற்றத்தில் நேரான சுவருள்ள ஒரு தகரப் பேணியை வைத்து, மறுநாள் காலை ஆறு மணிக்குள் அதில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீராவது நின்றால் மாத்திரமே மழை என்று கொள்ளுங்கள். இந்த விதியை முதல் நாளே அம்மம்மாவிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால், பேணி காய்ந்திருக்கும் காலையில், மல்லாவியில் பெய்தது என்று சொல்லிவிடுவார்.