துடுப்புப் பலகையில் ஆற்றுக்குள் போகலாம், ஆனால் எத்தனை மணிக்கு?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "காற்றடிக்கும் துடுப்புப் பலகை (மேலே நின்று துடுப்புப் போடுவது) வாங்கி, காலாங்கில் ஆறு மாதம் பழகிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை மச்சானோடு சுங்கை காத்திப் போங்சு சதுப்புக் காட்டுக்குள் போக ஆசை. வாட்ஸ்அப்பில் ஒருவர் 'ட்ரிப்' பிடித்துத் தருகிறார். எந்த நேரமும் தண்ணீர் இருக்கும் என்கிறார். திரும்பும்போது சேற்றில் மாட்டிக்கொள்வோம் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். யார் சொல்வது சரி?"

வீட்டில் சொல்வதுதான் சரி.

காலாங்கில் பழகியவர்கள்தான் இங்கே ஏமாறுகிறார்கள். 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அங்கே கடல் ஏறி இறங்குவது கிடையாது. கிராஞ்சி, சிலேத்தார், பொங்கோல் என்று பெரும்பாலான ஆற்று முகங்களை அடைத்துவிட்டோம். அடைக்காமல் மிஞ்சிய சிலவற்றில் காத்திப் போங்சு ஒன்று. கடல் ஏறினால் அதுவும் ஏறும், வற்றினால் அதுவும் வற்றும்.

கடல் உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்கு இறங்க ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஆனால் தண்ணீர் ஒரே சீராக இறங்காது. மொத்த இறக்கம் 2.4 மீட்டர் என்று வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில் மட்டும் 1.2 மீட்டர் போய்விடும். "இன்னும் நிறைய இருக்கே" என்று உள்ளே உட்கார்ந்து படம் எடுப்பவர்கள் மாட்டுவது அப்போதுதான். ஆகவே உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இறங்குங்கள். ஏறும் தண்ணீரே உங்களை உள்ளே கொண்டுபோகும். உச்சம் தொட்டதும் திரும்பிவிடுங்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித் தண்ணீர் மிக உயரும், கிளைகள் தலையில் இடிக்கும். அங்கே முட்டி போட்டுத் துடுப்புப் போடுங்கள்.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் ஆள். இவர்கள் விற்பது நாள்காட்டியை, கடலை அல்ல. உச்ச நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு உச்சம் என்றால், அடுத்த சனிக்கிழமை அதே 9 மணிக்கு ஏறக்குறைய அடிமட்டம்! "வாரா வாரம் காலை 9 மணி" என்று விற்பவரிடம் எப்படிப் பணம் கட்டுவீர்கள்? அப்படிப் பணம் கட்டி வந்த மூன்று பேரை ஒருமுறை நானே இழுத்துக் கரை சேர்த்தேன். தொடை வரை சேறு, சிப்பி ஒட்டிய வேர்கள் கிழித்து முழங்காலெல்லாம் ரத்தம். கூட்டிவந்தவர் கரையில் நின்றபடி கைபேசியில் அடுத்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் போகும் கரைகளில் எதிலும் அன்றைய உச்ச நேரத்தை எழுதிய ஒரு பலகையைக்கூடப் பார்த்ததில்லை. அபராதம் பற்றி எழுத மட்டும் எங்கும் இடம் இருக்கிறது! சரி, கடல்துறை, துறைமுக ஆணையத்தின் கடல் ஏற்ற இறக்க அட்டவணையை நீங்களே பாருங்கள். தெற்கே உள்ள தஞ்சோங் பகாரின் நேரம், காத்திப் போங்சு இருக்கும் வடக்குக் கரையின் செம்பவாங்குக்குப் பொருந்தாது, இடத்தைச் சரிபாருங்கள்.

இன்னொன்று, கயிறு. பலகையோடு உங்களைப் பிணைக்கக் கணுக்காலில் கட்டும் கயிறு திறந்த நீரில் உயிர் காக்கும். ஓட்டமுள்ள ஓடையில் அதுவே ஆபத்து. பலகை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், கயிறு நடுவில் வேரில் சுற்றினால், தண்ணீர் தள்ளும்போது குனிந்து கணுக்காலைத் தொடவே முடியாது. அதற்காகக் கயிறே இல்லாமல் போகாதீர்கள், பலகை ஜொகூர் நீரிணைக்குப் போய்விடும், பின்னால் நீங்களும் மலேசிய எல்லை தாண்டிவிடுவீர்கள். உயிர்காப்பு அங்கிக்கு மேலே இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழலும் வார் வாங்குங்கள், கயிற்றை அதில் மாட்டுங்கள். இழுக்கும் குமிழ் முன்பக்கம் இருக்கட்டும், எந்தக் கையாலும் எட்டட்டும். காலாங்கிலேயே தண்ணீரில் விழுந்து பத்து முறை கழற்றிப் பாருங்கள். கரையில் நின்று கழற்றுவது பயிற்சி ஆகாது.

வடக்குக் கரையில் முதலை உண்டு. பார்த்தால் விலகுங்கள், தண்ணீரில் கால் தொங்கவிட வேண்டாம். இடி கேட்டால் உடனே கரைக்கு.

அடுத்த சனிக்கிழமை உச்சம் மாலையில் விழுந்தால் இருட்டிவிடும். மச்சானிடம் சொல்லி ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.