கயிற்றுவாணம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

நான் இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம். ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு மூன்று வருடமாக யூடியூப் பார்த்து வி.எஃப்.எக்ஸ். (படத்தில் இல்லாததைக் கணினியில் சேர்க்கும் விஷுவல் எஃபெக்ட்ஸ்) பழகுகிறேன். பழைய லெப்டொப், பிளெண்டர் என்ற இலவச மென்பொருள். 4 நிமிடம் 20 நொடிக்கு ஒரு ஷோரீல் (என் வேலை மாதிரிகளைத் தொகுத்த வீடியோ) செய்து கொழும்பிலும் சென்னையிலும் ஒன்பது ஸ்டூடியோக்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். அடுத்து ஹூடினி மென்பொருள் படிக்கவா, நியூக் மென்பொருள் படிக்கவா? காசு கட்டி ஒரு கோர்ஸ் செய்தால்தான் எடுப்பார்களா? இசை சரியில்லையோ என்றும் யோசனை. அம்மா மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

மூன்று தரம் பார்த்தேன். முதல் தரம் தேநீர் ஆறிப்போனது. இரண்டாம் தரம் கோபம் வந்தது. மூன்றாம் தரம் கண்ணில் பட்டதைப் பிறகு சொல்கிறேன், முதலில் திட்டித் தீர்க்க வேண்டும்.

31 ஷொட். எண்ணினேன். ஹட்டன் ஸ்டேஷனில் ரோபோ இறங்குகிறது. கொட்டகலையில் ஹெலிகொப்டர் வெடிக்கிறது. தேயிலை ஸ்டோர் (ஆலை) கூரை பறக்கிறது. தேயிலை மலைக்கு மேல் டிராகன். போதாதென்று உங்கள் உள்ளங்கையிலிருந்து நீல மின்னல் வேறு. கொழும்பில் விளம்பரப் படங்களின் எடிட்டிங் அறையில் 12 வருடம் இருந்தவன் நான். வேலை கேட்டு வரும் ரீல்களைப் பார்ப்பதும் என் தலையில்தான் விழும். இருப்பதிலேயே மோசமான ஷொட் எதுவோ அதுதான் மனதில் நிற்கும். இதைக்கூட விட்டு வைத்திருக்கிறானே, இவனுக்குக் கண் இல்லையா என்று தோன்றிவிடும். நீங்கள் அப்படி ஒரு இருபதை விட்டு வைத்திருக்கிறீர்கள்.

அந்த டிராகனையே எடுங்கள். பிறந்ததிலிருந்து பனிமூட்டத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, இரண்டு மலைக்கு அப்பால் பறப்பதற்குத் தார் மாதிரி கறுப்பு கொடுக்கலாமா? தூரத்து மலையில் கறுப்பு ஏது? எல்லாம் நீலச் சாம்பலாகி அல்லவா கிடக்கும்! கதவைத் திறந்து வெளியே பார்த்தால் தெரிந்துவிடும், இதற்கு ஹூடினி எதற்கு?

கோர்ஸ் வேண்டாம். இசை பற்றித் தெரியாது, சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே காமன் கூத்துதான் (சிவன் மன்மதனை எரித்த கதையை இரவில் ஆடும் கூத்து) மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மாசி பிறந்தால் எனக்கு அப்படித்தான். எங்கள் தோட்டத்தில் கூத்து நடக்கும் காமன் பொட்டல் ஸ்டோருக்குப் பின்னால். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருப்போம். தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிப்பார்கள். ரதியும் மதனும் வந்து இரவெல்லாம் தர்க்கம் பாடுவார்கள். விடியப்போகும் நேரத்தில்தான் சிவன் நெற்றிக்கண்ணைத் திறப்பார். அந்த நெருப்புக்குப் பொறுப்பு எங்கள் லயத்துத் தாத்தா ஒருவர். பகலில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். சிவன் உட்கார்ந்திருக்கும் பரணிலிருந்து காமன் கம்பம் வரைக்கும் ஒரு கயிறு, அதில் ஒரேயொரு வாணம். அவருடைய வேலை அவ்வளவுதான்.

அதற்கு அவர் படும் பாட்டைப் பார்க்க வேண்டுமே! முதல் நாளே கயிற்றுக்குச் சவர்க்காரம் தேய்ப்பார். ஒரு முடிச்சு கையில் தட்டுப்பட்டால் கயிற்றையே மாற்றுவார். வாணத்தின் கனத்துக்கு ஒரு கல்லைக் கட்டி ஓடவிட்டுப் பார்ப்பார். சரிவு போதாவிட்டால் பரணுக்கு ஒரு பலகை கூடும். அப்புறம் கயிறு முழுக்க அடுப்புக்கரி, இருட்டில் தெரியக் கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய தந்திரம் ஒன்று இருந்தது. கண் திறக்கும் பாட்டு நெருங்கும்போது, இருக்கிற இரண்டு பெற்றோமக்ஸில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, காற்றடிக்கப் போகிறவர் மாதிரி சும்மா ஸ்டோர் பக்கம் நடந்துவிடுவார். பொட்டல் பாதி இருட்டாகிவிடும். ஏன் என்று யாருக்கும் தோன்றாது. பரணில் இருக்கும் பையன் திரியைப் பற்றவைப்பான். இருட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு கோடு. எனக்குப் பக்கத்தில் பெரிய மனிதர்கள் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயது இருக்கும்போது நாங்கள் இளைஞர்கள் காசு சேர்த்து டவுனிலிருந்து ஒரு மூட்டை வாணமும் பட்டாசும் மத்தாப்பும் வாங்கி வந்தோம். மூட்டையைத் தூக்கி வந்தவன் நான். மதன் வந்தால் வெடி, ரதி வந்தால் மத்தாப்பு, எமன் வந்தால் மூன்று வாணம். நடுச்சாமத்திலேயே பிள்ளைகள் தூங்கிப்போனார்கள். காமன் எரிந்தபோது பொட்டல் முழுக்கப் புகை. கயிற்றில் ஓடியதை யாரும் கவனிக்கவேயில்லை. காலையில் தாத்தா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “எவ்வளவுக்குடா வாங்குனீங்க?” சொன்னேன். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விட்டார்.

ஆகவே இந்தக் கோபம் உங்கள் மேல் மட்டும் வந்ததல்ல.

சரி, மூன்றாம் தரம். 2 நிமிடம் 50ஆவது நொடியில் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி. 6 நொடி. யாரோ எடுத்த பழைய வீடியோவை இடையில் செருகியிருக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். கீழே வீதியில் ஒரு வேன் போகிறது, புது மொடல். அப்போதுதான் தூக்கிவாரிப்போட்டது. 150 மெகாவாட் நீர்மின் திட்டமான மேல் கொத்மலை 2012இல் ஓடத் தொடங்கிய பிறகு அங்கே பாறைதானே தெரிகிறது, தண்ணீரை அளந்தல்லவா விடுகிறார்கள்! போன தண்ணீரை நீங்கள் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறீர்கள். பாவி, இதை வைத்துக்கொண்டா டிராகன் பறக்கவிட்டீர்கள்? கண்ணுக்குத் தெரியாத வித்தைதான் வித்தை. 1994இல் வந்த ஃபாரஸ்ட் கம்ப் படத்தில் ஒரு நடிகரின் கால்களில் நீலத் துணியைச் சுற்றிப் படமெடுத்து, பிறகு அந்தக் கால்களைக் கணினியில் அழித்தார்கள். பார்த்தவர்களில் பலர் அவருக்கு உண்மையிலேயே கால் இல்லை என்றே நினைத்தார்கள். அந்த வருடம் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கான ஒஸ்கார் அந்தப் படத்துக்குத்தான்.

ஆனால் உங்கள் தண்ணீர் அவசரமாக விழுகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மேலிருந்து கீழே 2 நொடி. சென் கிளேயர் ஏறக்குறைய 80 மீட்டர். ஒரு கல்லைத் தடையில்லாமல் போட்டாலே கீழே வர 4 நொடி ஆகும். நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 96க்குக் கொஞ்சம் மேல். தண்ணீரோ பாறையில் மோதிப் படிப்படியாக இறங்குகிறது, அது இன்னும் மெதுவாகத்தான் வரும். 2 நொடியில் விழுவது 20 மீட்டர் அருவி. கண்ணுக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் ஏமாறாது. 80 மீட்டரை நீங்களே சின்னதாக்கிவிட்டீர்கள். தண்ணீர் விழுவதைக் கணினி கணக்கிடும் சிமுலேஷனில் அளவை நிஜ மீட்டரில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், பிழை அங்கேதான் இருக்கும். பிறகு, அடியில் எழும் சாரல் பின்னால் இருக்கும் பாறையை வெளிறச் செய்ய வேண்டும். உங்கள் பாறை கழுவிவிட்டது போல் பளிச்சென்று நிற்கிறது. மூல வீடியோவில் இருக்கும் பொரிப்பொரியான கிரெயின் தண்ணீரிலும் இருக்க வேண்டும்.

மற்ற முப்பதையும் எடுத்துவிடுங்கள். சரி, ஸ்டோர் கூரையை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அதில் தகரம் மடங்கும் விதம் பிடித்திருந்தது. இந்த அருவிக்கு இரண்டு மாதம் கொடுங்கள். முடிந்ததும் ஒரு தரம் தண்ணீர் இல்லாத நிஜ ஷொட், ஒரு தரம் உங்களுடையது. 40 நொடிக்குள் ரீல் முடிந்துவிடும்.

நிறத்தையும் பாருங்கள். வானம் மழைக்கறுப்பாக இருக்கிறது, தண்ணீரோ வெளுத்த வேட்டி மாதிரி. அடைமழையில் கொத்மலை ஓயா மண் கலங்கித் தேத்தண்ணி நிறத்தில் வரும். எந்த அளவு கலங்கல் என்று உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அணை கட்டுவதற்கு முந்திய தண்ணீரை அவர் பார்த்திருப்பார். கேட்டு எழுதுங்கள்.